உள்ளே தரைக்கும் வெளியே டெக்குக்கும் ஒரே மரம் போடலாமா?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். சிட்னியின் மேற்குப் புறநகரில் பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறார். கூடத்துக்கும் இரண்டு படுக்கையறைக்கும் மரத் தரை போட வேண்டும், பின்னால் சமையலறைக் கதவை ஒட்டி ஒரு டெக் (திறந்தவெளி மரத் திண்ணை) கட்ட வேண்டும். ஸ்பாட்டட் கம், பிளாக்பட், மெர்பாவ் என்று மூன்று மரத்துக்கு விலை வாங்கி வைத்திருக்கிறார். "மூன்றில் எது ரொம்பக் கடினம்? அதையே உள்ளேயும் வெளியேயும் போட்டுவிடலாமா? வருடாவருடம் எண்ணெய் பூசித்தான் ஆக வேண்டுமா?" என்று கேட்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா "தைல மரக் கட்டைக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறார்.

எது கடினம் என்று கேட்டாலும் அவர் மனதில் இருப்பது, எது கெடாமல் நிற்கும் என்பதுதான். இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். நான் பல வருடமாக இங்கே மரத் தரை, டெக் வேலையில் இருக்கிறேன். புதிதாகப் போடுவது பாதி வேலை. ஏற்கனவே போட்டு வளைந்துபோன, உளுத்துப்போன பலகைகளைப் பார்த்துக் காரணம் சொல்வது மீதி. அப்படிப் பார்த்தவற்றில் மரத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்ததால் கெட்டவை கொஞ்சம்தான். பலகைக்கு அடியில் ஈரம் தேங்கி, காற்றோட்டம் இல்லாமல் கெட்டவையே அதிகம். அதனால் மரத்தின் பெயரைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு அதன் அடிப்பக்கத்தைப் பற்றியும் சொல்லப்போகிறேன்.

முதலில் அப்பாவுக்குப் பதில். தமிழ்நாட்டில் நாம் பார்க்கும் தைல மரம் பெரும்பாலும் காகிதக் கூழுக்காகச் சில வருடங்களிலேயே வெட்டப்படுவது, அல்லது சாரம் கட்டும் கழி. நடுக்கட்டை முற்றி வைரம் ஏறுவதற்குள் வெட்டிவிடுகிறோம். அந்தக் கட்டை காயும்போது வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் இனத்தில் மட்டும் 700 வகைக்கு மேல் உண்டு. தரைக்கு வருவது அவற்றிலும் அவற்றின் நெருங்கிய உறவு மரங்களிலும் குறிப்பிட்ட சில வகைகள், அதுவும் பல பத்தாண்டு வளர்ந்த மரத்தின் வைரம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா மரம் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தியாவுக்கு ரயில் தண்டவாளக் கட்டையாகக் கப்பலேறியது. லண்டன் தெருக்களில் கல்லுக்குப் பதிலாகப் பதித்தார்கள். ஆகவே காசு வீண் இல்லை என்று அவரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

சரி, கடினத்துக்கு வருவோம். கடைகளில் சொல்லும் எண் ஜான்கா என்ற சோதனையிலிருந்து வருவது. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை மரத்தில் பாதி புதையும்வரை அழுத்த எவ்வளவு விசை தேவை என்று அளப்பார்கள். காய்ந்த ஸ்பாட்டட் கம் சுமார் 11 கிலோநியூட்டன், பிளாக்பட் 9, மெர்பாவும் ஜாராவும் எட்டரையை ஒட்டி, கிரே அயர்ன்பார்க் 14க்கும் மேல். தரையில் பொருள் விழுந்தால் பள்ளம் விழுமா, நாற்காலிக் கால் அழுந்துமா என்பதற்கு மட்டும் இந்த எண் பதில் சொல்லும். மழையில் மரம் மக்குமா, கரையான் தின்னுமா என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. காரி என்ற மரமும் டாலோவுட் என்ற மரமும் கடினத்தில் கிட்டத்தட்ட ஒன்று. காரி ஒரு பிடி கூடவே இருக்கும். ஆனால் மண்ணில் நட்டால், மக்காமல் நிற்பதில் டாலோவுட் முதல் வகுப்பு, காரி மூன்றாம் வகுப்பு.

அந்த வகுப்புதான் டெக்குக்கு நீங்கள் கேட்க வேண்டிய எண். ஏ.எஸ். 5604 என்ற ஆஸ்திரேலியத் தரநிலையில் ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு எண் இருக்கும்: மண்ணைத் தொட்டால் எத்தனையாவது வகுப்பு, மண்ணுக்கு மேலே இருந்தால் எத்தனையாவது வகுப்பு. மண்ணுக்கு மேலே முதல் வகுப்பு என்றால் 40 வருடத்துக்கு மேல் நிற்கும் என்று எதிர்பார்க்கலாம், இரண்டாவது 15 முதல் 40, மூன்றாவது 7 முதல் 15. ஸ்பாட்டட் கம், பிளாக்பட், அயர்ன்பார்க், டாலோவுட் எல்லாம் மண்ணுக்கு மேலே முதல் வகுப்பு. இதில் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த எண்கள் வைரத்துக்கு மட்டும்தான். ஓரத்தில் இருக்கும் வெளிர்ந்த பகுதி, நம் ஆசாரிகள் வெள்ளை என்பார்களே, அது எந்த மரத்திலும் கடைசி வகுப்புதான். அப்புறம், இவை எதிர்பார்க்கும் ஆயுள், உத்தரவாதம் இல்லை. தண்ணீர் தேங்கும்படி கட்டினால் முதல் வகுப்பு மரமும் அதற்கு வெகு முன்பே மக்கிவிடும்.

டாஸ்மேனியன் ஓக், விக்டோரியன் ஆஷ் என்று இரண்டு பெயர் கேள்விப்படுவீர்கள். வெளிர் நிறத்தில் அழகாக இருக்கும், உள்ளே தரைக்கு நல்ல மரம், கொஞ்சம் மென்மை. மழையில் நனையும் டெக்குக்கு வேண்டவே வேண்டாம். யாராவது விலை குறைத்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

இப்போது உங்கள் மூன்று மரம். ஸ்பாட்டட் கம் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து கடலோரத்து மரம். பழுப்பு, ஆலிவ், சாக்லேட் நிறமெல்லாம் ஒரே கட்டுப் பலகைக்குள் கலந்து வரும், அலையலையான ரேகை இருக்கும். தொட்டால் லேசான எண்ணெய்ப் பிசுக்கு. டெக்குக்கு என் முதல் தேர்வு இதுதான், சாயம் வடிவதும் குறைவு. ஒரே குறை, இதன் வெள்ளைப் பகுதியை லிக்டஸ் என்ற வண்டு விரும்பித் தின்னும். மாவு போலப் பொடி உதிர்ந்தால் அந்த வண்டுதான். ஆலையில் மருந்து ஏற்றிய பலகையா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். வைரத்தை அது தொடாது. பிளாக்பட் தேன் நிறம், ரேகை அமைதியானது, வெள்ளையிலும் லிக்டஸ் வராது. உள்ளே வெளிச்சம் குறைவான பழைய வீட்டுக்கு இது அறையைக் கொஞ்சம் திறந்து காட்டும்.

மெர்பாவ் ஆஸ்திரேலியாவில் வெட்டும் மரம் இல்லை. இந்தோனேசியா, மலேசியா, பப்புவா நியூ கினியா பக்கத்து மழைக்காட்டு மரம். மரமாகப் பார்த்தால் நல்ல மரம்தான். சுருங்குவது குறைவு, எளிதில் மக்காது. இரண்டு விஷயம் யோசிக்க வேண்டும். ஒன்று, அதன் சாயம்: முதல் சில மழைக்குச் செம்பழுப்பாக வடிந்து கீழே இருக்கும் சிமெண்டுத் தளத்தையும் டைல்ஸையும் கறையாக்கும். இன்னொன்று, எங்கே வெட்டினது என்ற கேள்வி. சட்டவிரோதமாக வெட்டிய மரத்தை இறக்குமதி செய்வதை ஆஸ்திரேலியா 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்திருக்கிறது, ஆனாலும் முறையாகப் பராமரிக்கும் காட்டிலிருந்து வந்தது என்று காட்டும் எப்.எஸ்.சி. அல்லது பி.இ.எப்.சி. சான்று கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. உள்நாட்டு மரத்துக்கும் இதையே சொல்வேன். விக்டோரியாவும் மேற்கு ஆஸ்திரேலியாவும் 2024 தொடக்கத்தோடு அரசு வனங்களில் இயற்கைக் காட்டு மரத்தை வணிகத்துக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டன. ஜாரா அரிதானதற்கும் விலை ஏறியதற்கும் அது பெரிய காரணம். பழைய பாலம், துறைமுக மேடை, கிடங்குகளிலிருந்து பிரித்தெடுத்த கட்டையை அறுத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். உள்ளே புதைந்த ஆணி சரியாக எடுக்கப்பட்டிருந்தால் அது அருமையான மரம், பல பத்தாண்டு காய்ந்தது.

வாங்குவதற்கு முன் ஒரு தாளையும் பார்த்துவிடுங்கள். வீடு வாங்கும்போது கவுன்சிலிலிருந்து வந்த 10.7 திட்டச் சான்றிதழில் காட்டுத்தீ அபாயப் பகுதி என்று இருந்தால் மரத் தேர்வே மாறும். ஏ.எஸ். 3959 தரநிலை பி.ஏ.எல். (காட்டுத்தீத் தாக்க அளவு) 29 வரையான இடத்துக்கு ஏழு மரங்களை மருந்து ஏற்றாமலே ஒப்புக்கொள்கிறது: ஸ்பாட்டட் கம், பிளாக்பட், ரெட் அயர்ன்பார்க், ரிவர் ரெட் கம், சில்வர்டாப் ஆஷ், டர்பன்டைன், மெர்பாவ். நல்ல வேளையாக உங்கள் மூன்றும் அதில் உண்டு.

டெக்கின் அடிப்பக்கத்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். பழைய வீடுகளில் பின்கதவுப் படி தரையிலிருந்து அதிக உயரம் இருக்காது. கதவுக்குச் சமமாக டெக் வேண்டும் என்று ஆசைப்பட்டால் பலகைக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு சாண் கூட மிஞ்சாது. மேலே வெயில் காய்ச்சும், கீழே மண் ஈரம் ஏறும். பலகையின் அடிப்பக்கம் ஊதி, மேல்பக்கம் சுருங்கி, இரண்டு ஓரமும் தூக்கிக்கொள்ளும். எந்த எண்ணெயும் இதைத் தடுக்காது. 400 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளியும் இரண்டு பக்கம் காற்று நுழைய வழியும் இருந்தால் நிம்மதி. அவ்வளவு இல்லையென்றால் அடி மண்ணை வீட்டிலிருந்து வெளியே சாயும்படி சரித்து, பக்கவாட்டை மூடாமல் விட்டு, அகலம் குறைந்த 86 மில்லிமீட்டர் பலகை போடுங்கள். பலகையை அடிப்பதற்கு முன்பே நாலு பக்கமும் எண்ணெய் பூசிவிட வேண்டும். அடித்த பிறகு அடியில் பூச யாராலும் முடியாது.

பலகை இடைவெளியையும் கணக்குப் போட்டே வைக்க வேண்டும். பிளாக்பட் போன்ற மரம், ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் அகலத்தில் சுமார் 0.37 சதவீதம் விரியும். கடையிலிருந்து 12 சதவீத ஈரத்தில் வரும் 140 மில்லிமீட்டர் பலகை, மழை மாதத்தில் 18 ஆனால் மூன்று மில்லிமீட்டர் விரிந்துவிடும். மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தால் அது அப்படியே அடைபட்டு, தண்ணீர் வடிய வழியில்லாமல் போகும். அகலப் பலகைக்கு ஐந்து விடுங்கள். 19 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தாங்கு கட்டைகள் 450 மில்லிமீட்டருக்கு ஒன்று என்று இருக்கட்டும். எச்3 அளவுக்கு (மண்ணைத் தொடாத வெளிவேலைக்கானது) மருந்தேற்றிய பைன் கட்டை இதற்குப் போதும், மேல்முகத்தில் நீர் புகாத டேப் ஒட்டினால் திருகு இறங்கும் இடத்தில் மக்காது. அந்தக் கட்டையின் துண்டு துணுக்கை பார்பெக்யூவில் போட்டு எரித்துவிட வேண்டாம், மருந்து நஞ்சு.

திருகு துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். உங்கள் பக்கத்துக்கு 304 ரகம் போதும், கடலோர வீட்டுக்கு 316. ஒவ்வொரு தாங்கு கட்டையிலும் பலகைக்கு இரண்டு திருகு, ஒவ்வொன்றுக்கும் முதலில் துளை போட்டுத்தான் இறக்க வேண்டும். இந்த மரங்களில் துளை போடாமல் முடுக்கினால் திருகின் தலை முறியும், அல்லது பலகையின் முனை பிளக்கும்.

டெக் முடிந்த சில நாளில் "பூஞ்சை வந்துவிட்டது" என்று அழைப்பு வருவது சகஜம். ஒரு வீட்டில் பலகை முழுக்க மிளகு தூவியது போல நீலக் கறுப்புப் புள்ளிகள். வீட்டுக்காரர் குளோரின் பிளீச் ஊற்றித் தேய்த்து மரத்தின் நாரை மேலே கிளப்பிவிட்டிருந்தார், புள்ளி போகவில்லை. உண்மையில் யாரோ அருகில் நின்று இரும்பு வேலிக் கம்பத்தை அறுத்திருந்தார்கள். பறந்த இரும்புத் தூள் பனி ஈரத்தில் மரத்தில் இயல்பாக இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுத்திருந்தது. ஆக்ஸாலிக் அமிலம் கலந்த டெக் கிளீனரைப் பூசிக் கொஞ்ச நேரம் விட்டதும் கண்முன்னே வெளுத்தது. கையுறை, கண்ணாடி கட்டாயம், செடிகளைத் தண்ணீரால் நனைத்து வையுங்கள், நன்றாக அலசி விடுங்கள், பிளீச்சோடு ஒருபோதும் கலக்காதீர்கள். அழுத்த நீர்ப்பீச்சியை ஒரே இடத்தில் நெருக்கமாகப் பிடிப்பதும் மென்மையான நாரைத் தோண்டிவிடும்.

எண்ணெய் கட்டாயமா என்றால், மரம் மக்காமல் இருக்க எண்ணெய் பெரிதாக உதவாது. அதை மரத்தின் வகுப்பும் காற்றோட்டமும் பார்த்துக்கொள்ளும். எண்ணெய் செய்வது, மேற்பரப்பு வெடிப்பதைக் குறைப்பதும் நிறத்தைக் கொஞ்ச காலம் பிடித்து வைப்பதும். பூசாமல் விட்டால் வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்தோலை வெளுத்து வெள்ளிச் சாம்பல் நிறமாக்கும். அந்த நிறம் உங்களுக்குப் பிடித்தால் தாராளமாக விட்டுவிடலாம். கூட்டித் துப்புரவாக வைத்தால் போதும். பூசுவதென்றால் நிறமி கலந்தது வாங்குங்கள், நிறமில்லாத எண்ணெய் வெயிலைத் தடுக்காது. எந்த பிராண்ட் எத்தனை மாதம் நிற்கும் என்று டப்பாவில் போட்டிருப்பதை நம்பித் திட்டமிட வேண்டாம், ஏனென்றால் அது உங்கள் டெக் பார்க்கும் திசையைப் பொறுத்தது. இங்கே சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து போவதால் வடக்குப் பார்த்த டெக் ஆறே மாதத்தில் வறண்டு நிற்கும். தெற்குப் பக்கத்து நிழலில் எண்ணெய் நிற்கும், ஆனால் பாசி வழுக்கும். தண்ணீரைச் சொட்டிப் பாருங்கள்: முத்தாக நின்றால் அவசரமில்லை, உடனே உறிஞ்சினால் பூச வேண்டிய நேரம். வார்னிஷ் போல மேலே படலமாக நிற்பதை டெக்கில் போடவே போடாதீர்கள். உரியும், பிறகு முழுவதையும் சுரண்ட வேண்டும். புதுப் பலகையானால் சாயம் வடிய நாலைந்து வாரம் மழை வெயிலில் விட்டு, அல்லது கிளீனரால் கழுவி, அப்புறம் பூசுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் கலந்தவை காயும்போது சூடாகி, நெருப்பில்லாமலே தீப்பற்றும். விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் ஊறவைத்தோ பிறகு எறியுங்கள்.

உள்ளே தரைக்கு மரத்தின் மக்காத குணம் அவ்வளவு முக்கியமில்லை, அசைவுதான் முக்கியம். ஐந்து மீட்டர் அகலமுள்ள கூடத்தில் ஈரம் இரண்டு சதவீதம் ஏறினால் கணக்குப்படி 37 மில்லிமீட்டர் விரிவு. ஆணியும் பசையும் பிடித்திருப்பதாலும் பலகைகள் ஒன்றையொன்று நெருக்குவதாலும் அவ்வளவும் வெளியே தெரியாது. ஆனாலும் சுவரோரம் 10 மில்லிமீட்டர் விடாத தரை நடுவில் கூடாரம் போலத் தூக்கியதைப் பார்த்திருக்கிறேன். கடையில் 9 முதல் 14 சதவீத ஈரத்தில் தருவார்கள். "இரண்டு வாரம் வீட்டில் வைத்தால் பழகிவிடும்" என்பது பாதி உண்மை. பிளாஸ்டிக் சுற்றிய கட்டாக மூலையில் வைத்தால் ஒன்றும் மாறாது. போடுபவர் பலகையையும் அடித்தளத்தையும் ஈரமானியால் அளந்து எழுதித் தரட்டும். கான்கிரீட் தளமானால் இது இன்னும் கட்டாயம்.

பழைய வீடு என்கிறீர்கள், அதனால் புதுத் தரை வாங்கும் முன் மூலையில் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். அடியில் சைப்ரஸ் பைனோ கடின மரமோ முழுசாகக் கிடக்கலாம். தேய்த்துப் பூசினால் போதும். ஆனால் பழைய வினைல் ஒட்டியிருந்தால் கை வைக்காதீர்கள். அதிலும் அதன் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. முதலில் பரிசோதனை.

மேற்பூச்சில், கரைப்பான் கலந்த பாலியூரித்தேன் கெட்டியானது, நாளாக மஞ்சள் ஏறும். நீர் கலந்தது நிறம் மாறாது, வாடை குறைவு. ஆனால் சில நீர்ப்பூச்சுகள் பலகை ஓரங்களைப் பசை போல ஒட்டிவிடும். குளிர்காலத்தில் மரம் சுருங்கும்போது ஒவ்வொரு பலகைக்கும் மெல்லிய கீற்று விழுவதற்குப் பதில் ஏழெட்டுப் பலகைக்கு ஒன்றாகப் பெரிய பிளவு விழும். நீர்ப்பூச்சு போடுவதானால் ஓரம் ஒட்டாமல் இருக்க முதலில் எந்த அடிப்பூச்சு போடுவார்கள் என்று கேளுங்கள். எண்ணெயும் மெழுகும் கலந்த ஹார்ட்வாக்ஸ் எண்ணெய் கீறல் விழுந்த இடத்தை மட்டும் சரிசெய்ய விடும், ஆனால் மஞ்சள் பொடி கொட்டினால் கறை பிடிக்கும். சமையலறையை ஒட்டிய கூடத்துக்கு நம் வீடுகளில் பாலியூரித்தேன்தான் சரி. வீட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவும் பழக்கத்தை மட்டும் வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே நன்றாகப் பிழிந்த துணி போதும், நீராவி மாப் கூடாது.

ஒரே மரம் போடலாம். ஸ்பாட்டட் கம்மும் பிளாக்பட்டும் இரண்டு இடத்துக்கும் பொருந்தும். ஆனால் வெளியே ஒரு வருடத்தில் நிறம் மாறிவிடும், உள்ளே இருப்பதோடு ஒத்துப்போகாது. தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரே மரம் தேட வேண்டாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் உள்ளே பிளாக்பட், வெளியே 86 மில்லிமீட்டர் ஸ்பாட்டட் கம். இந்த இரண்டாவது பாதி, பின்கதவுப் படிக்கும் மண்ணுக்கும் எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்தது. அதைப் பார்க்காமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. முன்பணம் கொடுப்பதற்குள் ஒரு டேப்பால் அளந்து, மழை பெய்து முடிந்த மறுநாள் அந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பார்த்து எழுதுங்கள். 200 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மர டெக்குக்குப் பதில் அங்கே கல்லோ டைல்ஸோ பதிக்கத்தான் சொல்வேன்.